கணினித் திரையில் தாவல்களும் சாளரங்களும்



சென்ற தவணையில் ஒருநாள், ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கணினி அறைக்கு அழைத்துச் சென்று, இருவாட்சிப் பறவையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதப் பணித்திருந்தோம். இணையத்தில் செய்தி திரட்டிக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்திற்குள் பத்து வாக்கியங்கள் எழுதி முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மணி அடிக்கும் வேளையில் ஒவ்வொரு திரையாகப் பார்வையிட்டு வந்தோம். ஒரு மாணவனுடைய கட்டுரை இரண்டே வாக்கியங்களோடு நின்றிருந்தது. ஆனால் அவன் திரையின் மேல்விளிம்பிலோ இருபத்து மூன்று பக்கங்கள் திறந்த நிலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

அவனைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. அவனையே அருகில் அமர்த்திக்கொண்டு, இடப்புறத்திலிருந்து வலப்புறமாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். மழை பெய்த மறுநாள் செம்மண் பாதையில் காலடிகள் பதிந்து கிடப்பதைப் போல, அவன் மனம் சென்ற வழி முழுவதும் அங்கே பதிந்து கிடந்தது. முதலாவது கட்டுரை. இரண்டாவது இருவாட்சியைப் பற்றிய விக்கிப்பீடியாப் பக்கம். மூன்றாவது அதன் படங்கள். நான்காவதில், பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும் செய்தியும், ஆண் பறவை ஒரு சிறு பிளவின் வழியே அதற்கு இரை ஊட்டும் செய்தியும் இருந்தன. கட்டுரைக்கு இதைவிடச் சிறந்த செய்தி வேறென்ன வேண்டும்? ஆனால் அவன் அங்கே நிற்கவில்லை. இருவாட்சி சரவாக் மாநிலத்தின் சின்னப் பறவை ஆதலால் ஐந்தாவது பக்கம் சரவாக்கிற்குச் சென்றது. ஆறாவது கூச்சிங் நகரம். கூச்சிங் என்றால் மலாய்மொழியில் பூனை அல்லவா? ஏழு முதல் பதினொன்று வரை பூனைகள். பன்னிரண்டாவது, பூனை ஓடும் ஒரு விளையாட்டு. அதன்பின் இருவாட்சி திரும்பி வரவேயில்லை.

“இவற்றையெல்லாம் ஏனப்பா மூடவில்லை?” என்று கேட்டோம்.

“பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன், ஐயா” என்றான்.

இவ்விடையைக் கேட்டு நகைக்கும் தகுதி எமக்கில்லை. இத்தகைய பழக்கத்தால் ஓர் ஏழைத் தாய்க்கு நாமே இழப்பை உண்டாக்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதனைச் சற்றுப் பின்னர்க் கூறுவோம். முதலில், திரையில் நாம் காண்பவை யாவை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி ஆகியவை நாம் அறிந்த உலாவிகள். உலாவி விரியும் சதுரப் பரப்பு சாளரம். ஒரே சாளரத்திற்குள் பல பக்கங்களை அடுக்கி, அவற்றின் பெயர்களை மேல்விளிம்பில் சிறு சிறு துண்டுகளாகக் காட்டுவது தாவல். அலுவலகங்களில் காகிதக் கோப்புகளின் ஓரத்தில், பெயர் எழுதுவதற்கென்றே ஒரு சிறு காது நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதற்கு டேப் என்று பெயர். கணினியிலும் அப்பெயரே வழங்கலாயிற்று. தமிழில் இதனைக் கீற்று என்பாரும் உளர். தாவல் என்பாரும் உளர். தாவுதல் என்னும் வினை அதில் ஒலிப்பதனால் எமக்குத் தாவல் என்னும் சொல்லே பிடித்திருக்கிறது. பெயரிட்டவர்கள் அறிந்து செய்தார்களோ அறியாமல் செய்தார்களோ, பெயரே எச்சரிக்கையாகவும் அமைந்துவிட்டது.

ஒரு திரையில் பலவற்றை ஒருங்கே காண வேண்டும் என்ற ஆவல் இன்று நேற்று தோன்றியதன்று. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில், டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் பொறியியலாளர், கையால் நகர்த்தும் சுட்டியையும், பகுதிகளாகப் பிரிந்து நிற்கும் திரையையும் அவையோர் முன் இயக்கிக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும் சாளரங்களை 1970ஆம் ஆண்டுகளில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தார் உருவாக்கினர். 1985இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் விண்டோஸின் முதல் பதிப்பில் சாளரங்கள் அவ்வாறு படிய இயலா. தரையில் பதித்த ஓடுகளைப் போலப் பக்கத்தில் பக்கமாகவே நிற்கும். அக்காலத்தார் அதனைக் குறை என்றனர். இப்பொழுது எண்ணிப் பார்த்தால், எது எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்கு மறையாமல் இருப்பதும் ஒரு நன்மையே.

உலகளாவிய வலைக்கான திட்டத்தை டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் ஸ்விட்சர்லாந்தில் செர்ன் ஆய்வு நிலையத்தில் எழுதியளித்தார். தொடக்கத்தில் பெரும்பாலான உலாவிகளில், இன்னொரு பக்கத்தையும் உடன் காண வேண்டுமாயின் இன்னொரு சாளரத்தைத் திறக்க வேண்டும். பத்துப் பக்கங்கள் என்றால் பத்துச் சாளரங்கள். திரையின் அடிப்பட்டை நிரம்பி வழியும். இந்நெரிசலைத் தீர்க்க வந்தவையே தாவல்கள். 1994இலேயே இன்டர்நெட் ஒர்க்ஸ் என்னும் உலாவியில் அவை தலைகாட்டின. 2002இல் மொசில்லா, 2003இல் சஃபாரி, 2004இல் ஃபயர்பாக்ஸ் ஆகியவற்றின் வழியாக அவை பரவி, 2006இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஏழாம் பதிப்பிலும் இடம்பெற்றன. அடிப்பட்டையில் இருந்த நெரிசல் தீர்ந்தது, மேல்விளிம்பிற்குக் குடிபெயர்ந்தது.

இனி, மூடாமல் விடுவது ஏன் என்னும் வினாவிற்கு வருவோம். சோம்பல் என்று சொல்லிவிடுதல் எளிது. அது முழு உண்மையன்று. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் இதனையே ஆராய்ந்து 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாவல்களை மக்கள் நினைவூட்டும் கருவியாகப் பயன்படுத்துகின்றனர் என்பதும், மூடிவிட்டால் அச்செய்தி கைக்கு எட்டாமற் போய்விடுமே என்று அஞ்சுகின்றனர் என்பதும் அவர்கள் கண்டவை. எங்கள் மாணவன் கூறிய “பிறகு பார்க்கலாம்” என்பதும் இதுவே. திறந்து கிடக்கும் ஒவ்வொரு தாவலும், இன்னும் செய்யாத ஒரு வேலை. அல்லது, வேண்டுமா வேண்டாமா என்று நாம் இன்னும் முடிவு செய்யாத ஒன்று. இருபத்து மூன்று தாவல்கள் என்றால் இருபத்து மூன்று முடிவுகளை ஒத்திவைத்திருக்கிறோம் என்று பொருள்.

“ஒத்திவைத்தால் என்ன? கணினி எல்லாவற்றையும் தாங்குகிறதே” எனலாம். கணினி தாங்குவது வேறு. மனம் தாங்குவது வேறு.

பல்பணி என்பது முதலில் கணினிகளைக் குறித்துத் தோன்றிய சொல். ஒரே செயலகத்தைக் கொண்ட கணினி பாட்டையும் இசைத்து, எழுத்தையும் காட்டி, கோப்பையும் இறக்குவது போல் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது ஒரு வேலையை நொடியின் ஒரு சிறு கூறு நேரம் செய்து, நிறுத்தி, அடுத்ததை எடுத்து, மீண்டும் முதலாவதற்கு வருகிறது. வேகம் மிகுதியாதலால் எல்லாம் ஒருங்கே நடப்பதாக நம் கண் ஏமாறுகிறது. (இக்காலக் கணினிகளின் செயலகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் உள்ளன, அவை மெய்யாகவே சில வேலைகளை ஒருங்கே செய்யவல்லவை. ஆயினும் வேலைகளின் எண்ணிக்கை கருக்களின் எண்ணிக்கையை விஞ்சும்போது இந்த மாறி மாறிச் செய்தலே நிகழ்கிறது.) இங்கே நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு வேலையை நிறுத்தும்போது கணினி, தான் எந்த இடத்தில் நிறுத்தியது, எந்த எண்ணைக் கையில் வைத்திருந்தது என்பனவற்றை அணுவளவும் பிசகாமல் குறித்து வைத்துக்கொள்கிறது. திரும்பி வந்ததும் அவ்விடத்திலிருந்தே தொடர்கிறது. மனிதனும் மாறி மாறித்தான் செய்கிறான். ஆனால் அவனிடம் அந்தக் குறிப்பேடு இல்லை.

1927ஆம் ஆண்டிலேயே ஆர்தர் ஜெர்சில்டு என்னும் அமெரிக்க உளவியலாளர் இதனை அளந்து பார்த்தார். எண்களின் பட்டியலைக் கொடுத்து, ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து செய்யச் சொன்னபோது ஆகும் நேரத்தையும், கூட்டலும் கழித்தலும் மாறி மாறிச் செய்யச் சொன்னபோது ஆகும் நேரத்தையும் ஒப்பிட்டார். மாறி மாறிச் செய்தபோது நேரம் கூடிற்று. 2009இல் சோஃபி லெரோய் என்னும் ஆய்வாளர் மேலும் ஒன்றை எடுத்துக்காட்டினார். ஒரு வேலையை முடிக்காமல் விட்டு அடுத்ததற்குச் செல்லும்போது, நம் கவனம் முழுவதும் நம்மோடு வருவதில்லை. ஒரு பகுதி பழைய வேலையிடமே தங்கிவிடுகிறது. உண்டு முடித்த கலத்தில் ஒட்டியிருக்கும் பருக்கையைப் போன்ற இதனைக் கவன எச்சம் எனலாம்.

நூல்களை நம்ப வேண்டுவதில்லை, மாணவர்களே. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தாளும் பென்சிலும் கடிகாரமும் போதும். முதல் முறை, அ முதல் ஔ வரை உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் வரிசையாக எழுதுங்கள். அதன்பின் 1 முதல் 12 வரை எண்களை எழுதுங்கள். எத்தனை நொடி ஆயிற்று என்று தோழனைக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை, அ 1, ஆ 2, இ 3 என்று ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாக மாற்றி மாற்றி எழுதுங்கள். எழுதியவை அதே இருபத்து நான்குதான். நேரம் மட்டும் கூடியிருக்கும். எ, ஏ, ஐ வரும் இடத்தில் ஒரு கணம் தடுமாறி மேலே பார்ப்பீர்கள். ஆசிரியர் ஓய்வறையில் நாமும் இதனைச் செய்து பார்த்தோம். இரண்டாம் முறையில் ஒ என்னும் எழுத்தை விட்டுவிட்ட தமிழாசிரியர் யார் என்பதைக் கூற மாட்டோம்.

பெரியோர் சிலர் இங்கே ஒரு தடையை எழுப்பக்கூடும். “ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைத்த சதாவதானிகள் நம் தமிழில் இருந்தார்களே” என்பர். உண்மை. செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றார். ஆனால் அவதானக் கலை எவ்வாறு நிகழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒருவர் வெண்பாவிற்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் முதுகில் நெல்மணியோ மலரோ எறிந்துகொண்டிருப்பார், அவற்றின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். அவதானி இவை அனைத்தையும் ஒரே கணத்தில் செய்வதில்லை. ஒன்றை வாங்கி, மனத்தில் அதற்குரிய இடத்தில் வைத்து, அடுத்ததை வாங்குகிறார். பின்பு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து விடை கூறுகிறார். கணினிக்கு உள்ள குறிப்பேட்டைப் பல்லாண்டுப் பயிற்சியால் தம் உள்ளத்திலேயே அமைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அப்பயிற்சி இல்லாத நாம், குறிப்பை வெளியில் வைத்துக்கொள்ளுதலே தக்கது.

தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. நம் பாட்டன் பாட்டியர் பலர், இருள் பிரியுமுன் பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கோடு நிரை பிடித்து நானூறு, ஐந்நூறு பால்மரங்கள் சீவியவர்கள். மரத்தில் உளி வைக்கும்போது கண்ணும் கையும் அந்த ஒரு மரத்தில்தான் இருக்கும். எண்ணம் வேறெங்கேனும் சென்றால் உளி ஆழமாகப் பாய்ந்து மரம் காயப்படும். காயப்பட்ட பட்டை மீண்டும் ஒழுங்காக வளராது. ஆனால் அவர்கள் ஒவ்வொரு மரத்தடியிலும் பால் நிரம்பும்வரை காத்து நிற்கவுமில்லை. கோட்டின் கீழே மங்கை வைத்துவிட்டு அடுத்த மரத்திற்குச் சென்றார்கள். பால் தானே வடிந்து மங்கில் நிறையும். வெயில் ஏறியபின் வாளியோடு வந்து, வரிசை தவறாமல் எடுத்துக்கொள்வார்கள். மங்கு இருந்தபடியால் மனம் கவலையற்றிருந்தது. மூடிய பக்கம் தொலைந்துவிடாமல் காக்கும் மங்குகள் உலாவியிலும் உள்ளன. அவற்றை அறியாதவர்களே ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இனி, எம்மால் நேர்ந்த பிழையைக் கூறுவோம்.

2022ஆம் ஆண்டில், கல்வி உதவித்தொகைக்காக இரண்டு குடும்பங்களின் விண்ணப்பங்களை இணையவழி நிரப்பித் தருவதாக ஏற்றுக்கொண்டோம். இரு தாய்மாரும் ஒரே தோட்டத்தில், அடுத்தடுத்த வீடுகளில் வாழ்பவர்கள். தாள்களில் கையொப்பம் இடுவதற்காக அரைநாள் கூலியை இழந்து பள்ளிக்கு வந்து போனார்கள். இறுதி நாளுக்கு முந்திய இரவு கணினியின் முன் அமர்ந்தோம். மதிப்பெண் பட்டியல் ஒரு தாவலில், வகுப்புக் குழுவின் செய்திகள் ஒன்றில், மறுநாள் பாடத்திற்கான படங்கள் ஏழெட்டில், என்றோ திறந்து வைத்த கட்டுரைகள் எண்ணற்றவற்றில். விண்ணப்பப் படிவங்கள் இரண்டும் அவற்றினிடையே இரு தாவல்களாக இருந்தன. தாவல்கள் பெருகப் பெருக அவற்றின் பெயர்கள் சுருங்கி, முடிவில் சின்னம் மட்டுமே எஞ்சும். இரண்டு படிவங்களுக்கும் ஒரே சின்னம்.

படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கையில் குழுவில் ஒரு பெற்றோர் ஏதோ கேட்டார். விடையளித்துவிட்டுத் திரும்பினோம். திரும்பியது மற்றப் படிவத்திற்கு. ஒரு தாயின் வருமானத்தையும் குடும்ப எண்ணிக்கையையும் இன்னொரு தாயின் படிவத்தில் பதித்துவிட்டு, சரிபார்த்ததாகக் குறியும் இட்டு அனுப்பினோம். மனத்தில் அப்போது அக்குழுச் செய்தியே ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வாரங்களுக்குப் பின், இணைத்த சான்றிதழோடு விவரம் பொருந்தவில்லை என்று ஒரு விண்ணப்பம் திருப்பப்பட்டது. மேல்முறையீடு செய்து பணம் கைக்கு வர நான்கு மாதங்கள் ஆயின. அந்நான்கு மாதமும் பிள்ளையின் பள்ளி வேன் கட்டணத்தைச் செலுத்த அத்தாய் தம் தோட்டை அடகு வைத்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். நேரில் சென்று பிழை எம்முடையது என்று சொன்னோம். “நீங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள், ஐயா” என்று மட்டும் கூறினார். அந்தச் சொல் இன்றும் எம்மை விட்டு அகலவில்லை.

அதன்பின் நாம் கைக்கொண்ட பழக்கங்களை, பயனுடையவை என்று கண்டமையால், இங்கே விரித்துரைக்கிறோம்.

ஒரு வேலைக்கு ஒரு சாளரம் என்பது முதலாவது. கட்டுரை எழுதுவதாயின் புதிய சாளரம் ஒன்றைத் திறந்து, கட்டுரையும் அதற்கு வேண்டிய பக்கங்களும் மட்டும் அதில் இருக்குமாறு பார்த்துக்கொள்வோம். கண்ட்ரோல் விசையையும் ‘என்’ விசையையும் சேர்த்து அழுத்தினால் புதிய சாளரம்; கண்ட்ரோலும் ‘டி’யும் புதிய தாவல்; கண்ட்ரோலும் ‘டபிள்யூ’வும் தாவலை மூடும். குழுச் செய்திகள் வேறு சாளரத்தில் இருக்கட்டும். ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றிற்குச் செல்ல ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு டேப் விசையைத் தட்ட வேண்டும். தாவலிலிருந்து தாவலுக்குச் செல்வதைவிட இது சற்றே முயற்சி வேண்டுவது. அந்தச் சிறு முயற்சியே ஒரு வேலியாக அமைகிறது. நாம் வேறொரு வேலைக்குப் போகிறோம் என்பதை மனம் உணர்கிறது.

மூடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை மாணவர்கள் நன்கு உணர வேண்டும். தவறுதலாக ஒரு தாவலை மூடிவிட்டால், கண்ட்ரோல், ஷிஃப்ட், ‘டி’ ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துங்கள். மூடியது மீண்டும் வரும். மீண்டும் அழுத்தினால் அதற்கு முன் மூடியதும் வரும். வகுப்பில் இதனை முதன்முறை செய்து காட்டியபோது எழுந்த ஆரவாரம் அடுத்த வகுப்புவரை கேட்டது. நேற்றோ சென்ற வாரமோ பார்த்த பக்கம் வேண்டுமாயின் வரலாறு என்னும் பகுதியில் தேடலாம். கண்ட்ரோலும் ‘எச்’சும் அதனைத் திறக்கும். குரோம் உலாவி ஏறத்தாழ மூன்று மாத வரலாற்றைக் காட்டும். நெடுநாள் வேண்டியதாயின் கண்ட்ரோலும் ‘டி’க்குப் பதிலாக அதனையொத்து ஒலிக்கும் வேறோர் எழுத்தும் உண்டு, விசைப்பலகையில் ‘எஸ்’ எழுத்திற்கும் ‘எஃப்’ எழுத்திற்கும் இடையே உள்ளது. கண்ட்ரோலுடன் அதனை அழுத்தினால் பக்கம் நூற்குறியாகச் சேமிக்கப்படும். இவையே நாம் முன்னர்ச் சொன்ன மங்குகள்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. படிவத்தில் தட்டெழுதி இன்னும் அனுப்பாத எழுத்துகள், தாவலை மூடித் திறந்தால் திரும்பி வரும் என்று நம்பியிருக்கலாகாது. நீண்ட விடைகளை முதலில் வேறோர் ஆவணத்தில் எழுதிச் சேமித்துவிட்டுப் பின்பு படிவத்தில் ஒட்டுவதே காப்பானது. மறைநிலைச் சாளரத்தில் வரலாறு எஞ்சாது. அதில் மூடியதை மீட்க இயலாமலும் போகலாம்.

இன்னொன்று, பள்ளிக் கணினியைப் பலரும் பயன்படுத்துவதால் நேர்வது. தாவலை மூடிவிட்டால் தம் கணக்கிலிருந்தும் வெளியேறிவிட்டதாகப் பிள்ளைகள் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கடையின் சாளரத்தைச் சாத்திவிட்டுக் கதவைப் பூட்டாமல் போவதற்கு அது ஒப்பாகும். அடுத்து அமர்பவர் அதே பக்கத்தைத் திறந்தால் உங்கள் பெயரிலேயே அது திறக்கக்கூடும். வெளியேறு என்னும் பொத்தானை அழுத்திய பின்னரே தாவலை மூடுங்கள்.

இரண்டு பக்கங்களை ஒப்பிட வேண்டிய வேலைகளும் உண்டு. மலாய்மொழிப் பாடத்தில் ஒரு பக்கம் கட்டுரையும் மறுபக்கம் டேவான் பஹாசாவின் இணைய அகராதியும் வேண்டியிருக்கும். அப்பொழுது தாவல்களுக்கிடையே தாவுவதைக் காட்டிலும், இரு சாளரங்களை இடமும் வலமுமாக நிறுத்துதல் நன்று. விண்டோஸ் கணினியில், விண்டோஸ் விசையோடு இடப்புற அல்லது வலப்புற அம்புக்குறியை அழுத்தினால் சாளரம் பாதித் திரையில் சென்று நிற்கும். சொல்லை மனத்தில் சுமந்துகொண்டு தாவ வேண்டியதில்லை. கண் நகர்ந்தால் போதும். 1985ஆம் ஆண்டின் ஓடு பதித்த திரையே இதுவெனலாம்.

உலாவிகளைச் செய்வோரும் நெரிசலை அறியாதவர்கள் அல்லர். தாவல்களை வண்ணமிட்டுக் குழுவாக்கும் வசதி உண்டு. நெடுநேரம் தொடாத தாவல்களை உறங்க வைத்து, கணினியின் நினைவகத்தை மிச்சப்படுத்தும் வசதியும் உண்டு. பழைய கணினி வைத்திருப்போர்க்கு இது பெரிதும் உதவும். ஆனால் இவை இளைப்பாற்றுவது கணினியையே. உறங்கும் தாவலும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது.

கணினி இல்லாத வீடுகளில் திறன்பேசியே எல்லாம். அதில் தாவல்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூலையில் ஒரு சிறு கட்டத்தில் எண் மட்டும் தெரியும். ஆண்ட்ராய்டு திறன்பேசியில் குரோம் உலாவியில் அந்த எண் 99ஐத் தாண்டினால், எண்ணுக்குப் பதிலாகச் சிரிக்கும் முகக்குறி ஒன்று தோன்றும். பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் திறன்பேசியை எடுத்துப் பாருங்கள். எத்தனை பேரைப் பார்த்து அது சிரிக்கிறது என்று தெரியும். அக்கட்டத்தைத் தொட்டால் எல்லாத் தாவல்களும் விரியும். வேண்டியவற்றை நூற்குறியாக்கிவிட்டு, மற்றவற்றை ஒரேயடியாக மூடிவிடலாம். பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு செய்தால் அவர்களே உங்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள்.

பூனைகளிடம் சென்ற மாணவனுக்கு மறுவாரம் மீண்டும் ஒரு மணி நேரம் கொடுத்தோம். புதிய சாளரம்; மூன்றே தாவல்கள்; நான்காவது வேண்டுமானால் ஒன்றை மூடிவிட்டுத் திறக்க வேண்டும் என்று உடன்பாடு. கூச்சிங் என்னும் சொல்லைக் கண்டதும் அவன் கை சற்றுத் தயங்கியதை நாம் கவனித்தோம். பின்பு ஒரு துண்டுத் தாளில் ‘பூனை’ என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இருவாட்சிக்குத் திரும்பினான். பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதினான். அடைபட்ட பொந்தினுள் இருக்கும் பெண் பறவைக்கு ஆண் பறவை இரை கொண்டுவரும் பகுதி மிக நன்றாக அமைந்திருந்தது. அக்கட்டுரை இம்மலரிலேயே இடம்பெற்றுள்ளது.

அந்தத் தாயும் இவ்வாண்டு மீண்டும் வந்தார். மூத்த பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டாள். இளைய மகனுக்கு விண்ணப்பம். பிற சாளரங்கள் யாவற்றையும் மூடிவிட்டுப் படிவத்தை மட்டும் திறந்தோம். திறன்பேசியை மேசை இழுப்பறையில் வைத்தோம். அவர் அருகில் அமர்ந்து, சான்றிதழில் உள்ள ஒவ்வொரு விவரத்தையும் மகன் உரக்கப் படிக்க, நாம் பதித்தோம். அனுப்புவதற்கு முன் திரையில் இருந்ததை அவனே மீண்டும் ஒருமுறை படித்துக் காட்டினான். இருபது நிமிடங்கள் கூட ஆகவில்லை.

“அவ்வளவுதானா, ஐயா?” என்றார் அவர்.

“அவ்வளவுதான், அம்மா” என்றோம். பதிவெண் அச்சிட்ட தாளை நான்காக மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு, பிற்பகல் வேலைக்கு நேரமாயிற்று என்று எழுந்து சென்றார்.